களி யாருக்காக?

சேந்தனார் களி கிண்டியது சாமிக்குப் படைப்பதற்காக அல்ல. மார்கழித் திருவாதிரைக்கு விடியும் முன்னே தலைக்குக் குளித்து, மடியாக அடுப்பு மூட்டுகிற எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஆனால் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் கதையையே கொஞ்சம் நிதானமாகக் கேட்டால், அது இதைத்தான் சொல்கிறது.

கதை தெரிந்ததுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டினத்தாரின் கணக்குப்பிள்ளை சேந்தனார். முதலாளி துறவியானதும், அவர் சொற்படி கருவூலத்தைத் திறந்துவிட்டு, ஊரார் வேண்டியதை அள்ளிக்கொண்டு போகட்டும் என்று ஒதுங்கி நின்றார். அதற்காகச் சிறைக்குப் போனார். விடுபட்டபின் தில்லைக்கு வந்து விறகு வெட்டிப் பிழைத்தார். விறகு விற்ற காசில் அரிசி வாங்கி, சிவனடியார் ஒருவருக்குச் சோறு போட்ட பிறகே தானும் மனைவியும் சாப்பிடுவது என்று ஒரு வைராக்கியம். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்துபோயிற்று. நனைந்த விறகை யார் வாங்குவார்? காசில்லை, அரிசியில்லை. வீட்டில் கிடந்த மாவைக் களியாகக் கிண்டி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெகு நேரம் கழித்து ஒரு கிழவர் வந்தார், சாப்பிட்டார். மிச்சத்தை அடுத்த வேளைக்குக் கொடு என்று கேட்டு வாங்கித் துணியில் முடிந்துகொண்டு போனார். மறுநாள் காலை சிற்றம்பலத்தைத் திறந்த தீட்சிதர்கள் பார்த்தது, சந்நிதியெங்கும் சிந்திக் கிடந்த களியை.

அன்று சேந்தனார் வீட்டில் பூஜையில்லை, நைவேத்தியமில்லை. பசியோடு யாராவது வருவார்கள் என்று சமைத்தார்கள், வந்தவருக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். வந்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் ஊர் சொல்லித்தான் தெரிந்தது. களி நைவேத்தியமானது அதற்குப் பிறகு, நம்மால்.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் என் மகள். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு சிற்றூரில் குடும்பம் நடத்துகிறாள். திருவாதிரை பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி வரும். போன மார்கழியில் போனில் கேட்டாள்: “அம்மா, இந்த வருஷம் களிக்குப் பதிலா ஸ்டிக்கி டாஃபி புட்டிங் பண்ணி நடராஜருக்கு வைக்கலாமா? பிள்ளை களியைத் தொட மாட்டேங்கிறான். இதுன்னா ரெண்டு கிண்ணம் சாப்பிடுவான்.” முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எந்தக் கேள்விக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பலகாரத்தை அவள் வீட்டில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கி வெந்நீரில் போட்டு, ஆப்ப சோடாவைத் தூவுவாள். கொஞ்ச நேரத்தில் தோல் கரைந்து பழம் கூழாகிவிடும். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் முட்டையும் அடித்து, மைதாவோடு அந்தக் கூழைக் கலந்து ஓவனில் வேகவைப்பாள். தனியாக ஒரு சட்டியில் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பாலேடு மூன்றையும் கொதிக்கவிட்டு, அந்தப் பாகைச் சூடாக மேலே ஊற்றுவாள். பாகு உள்ளே இறங்கி, கரண்டி வைத்தால் பிசுபிசுவென்று இழுக்கும். நன்றாகத்தான் இருந்தது. வெல்லத்தில் வளர்ந்த நாக்குக்கு அந்தக் கரும்பழுப்பு வாசனை அந்நியமாகப் படவில்லை.

ஆங்கிலேயரின் பாரம்பரியப் பலகாரம் என்று கொண்டாடுகிறார்களே, எவ்வளவு பழசு என்று விசாரித்தால் சிரிப்பு வருகிறது. வட இங்கிலாந்து ஏரிப் பகுதியில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருந்த ஷாரோ பே என்ற விடுதியில், பிரான்சிஸ் கூல்சன் என்பவர் 1970களில் பரிமாறிப் பேர் வாங்கிக்கொடுத்தது. அதற்கு முன்னே லங்காஷயரில் ஓர் அம்மாளுக்கு, உலகப் போர்க் காலத்தில் கனடா நாட்டு விமானப்படை அதிகாரிகள் இருவர் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு கதை. ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்களுடையது என்று உரிமை கொண்டாடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கல்யாணமான காலத்தை ஒட்டிப் புகழ் பெற்ற பலகாரம். பேரீச்சை அந்த மண்ணில் காய்ப்பதில்லை, கரும்பும் விளைவதில்லை. கரும்புச் சர்க்கரைக்காக அவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தாமஸ் பாரி 1788இல் சென்னையில் தொடங்கிய வாணிகத்தின் வழிவந்த பாரி நிறுவனத்துக்கு, கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே ஆலை வந்தது 1842இல். அரவைப் பருவத்தில் அந்தச் சாலையில் போனால் ஊரே பாகு வாசனைதான்.

ஆக, கைக்குக் கிடைத்ததை வைத்து யாரோ செய்தது ஒரு தலைமுறைக்குள் பாரம்பரியம் ஆகிவிடுகிறது. எங்கள் களியும் அப்படித்தானே? எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டப் புத்தகமே உண்டு. எழுதியது என் மாமியார். பிறந்து வளர்ந்தது சிதம்பரம் தெற்கு வீதி. வாழ்க்கைப்பட்டு வந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். ஒரு ஆழாக்குப் பச்சரிசிக்கு ஒரு பிடி பயத்தம்பருப்பு, ஒன்றரை ஆழாக்கு வெல்லம், மூன்று ஆழாக்குத் தண்ணீர். அரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுக்க வேண்டும். சிவக்க என்றால் கருகலுக்கு ஒரு நொடி முன்னே, கூடம் வரை வாசனை வரும்போது இறக்கிவிட வேண்டும். ஆறவைத்து, மாவாகாமல் ரவையாக உடைக்க வேண்டும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, வெண்கலப் பானையில் கொதிக்கவிட்டு, வெந்த பருப்பையும் தேங்காய்த் துருவலையும் போட்டு, ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். கட்டி தட்டினால் தொலைந்தது. பானையின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது நெய், ஏலம், வறுத்த முந்திரி. தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு: பூசணி, பரங்கி, அவரை, வாழை, சேனை, சர்க்கரைவள்ளி, பச்சை மொச்சை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி, ருசி பார்க்கக் கூடாது. இனிப்புப் போதுமா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெந்ததா என்பதை விரலிடுக்கில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துக்கொள்ளலாம், நாக்கில் வைக்கக் கூடாது. அடுப்பங்கரையில் யாரும் மூக்கை உறிஞ்சினால்கூட மாமியார் திரும்பிப் பார்ப்பார்.

இதையெல்லாம் நான் இன்றும் அப்படியே செய்கிறேன், விருப்பத்தோடு செய்கிறேன். ஆனால் கிளறிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் ஒன்று தோன்றாமல் இருப்பதில்லை. நெய்யும் முந்திரியும் ஏழு காயும் இருக்கிற வீட்டில், விறகு நனைந்ததற்காக யார் கலங்கப் போகிறார்கள்? சேந்தனார் களியில் வெல்லமாவது இருந்திருக்குமா? இல்லாமையில் பிறந்த உணவைச் சம்பிரமமாகச் சமைத்து, அவரைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மகளின் கேள்விக்கு உடனே கிடைக்கக்கூடிய பதில்கள் இரண்டு. ஒன்று, முட்டை கலந்தது, அந்நியப் பலகாரம், ஆகமத்துக்கு ஒவ்வாது, கூடாது. இன்னொன்று, அன்போடு எதை வைத்தாலும் ஆண்டவன் ஏற்பான், தாராளமாக வை. முதல் பதிலைச் சொல்வோர் முறையைக் காட்டுவார்கள். இரண்டாவதைச் சொல்வோர் கண்ணப்பரைக் காட்டுவார்கள்.

கண்ணப்பர் வேட்டையாடிய இறைச்சியை நெருப்பில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லில் கடித்து ருசி பார்த்து, நல்லதை மட்டும் காளத்தியப்பருக்கு வைத்தவர். என் மாமியாரின் விதிக்கு நேர் எதிர். ஆனால் அவர் ருசி பார்த்ததும், மாமியார் ருசி பார்க்காததும் பிறந்த இடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சாப்பிடப் போகிறவர் மேல் வைத்த கவனம் அது. நல்லதாக இருக்க வேண்டுமே என்று அவர் கடித்தார். எனக்கு முன்னே அவருக்குப் போக வேண்டும் என்று இவர் வாயைக் கட்டினார். கண்ணப்பர் கதையில் பலர் கவனிக்காத ஒன்று, அங்கே பூசை செய்த சிவகோசரியாரின் நிலை. இறைவன் அவர் கனவில் வந்து வேடனின் அன்பைச் சொன்னானே தவிர, உன் ஆகமத்தைத் தூக்கி எறி என்று சொல்லவில்லை. மறைந்து நின்று பார் என்றான். முறையோடு இருப்பவன் முறையில்லாத அன்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதோடு கதை நிறுத்திக்கொள்கிறது.

எனவே கண்ணப்பரை வைத்து எதையும் படைக்கலாம் என்று சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கண்ணைப் பிடுங்கித் தரத் துணிந்தவருக்குக் கிடைத்த சலுகையை, ஓவனைத் திறந்து மூடுகிற நாம் கேட்பது கொஞ்சம் அதிகம். அன்பே போதும் என்று பேசுகிறவர்கள் பலர் அந்த அன்பையும் செய்வதில்லை என்பது இத்தனை வயதில் நான் கண்டது. விதி இருப்பதால்தான் மார்கழிக் குளிரில் நான் எழுந்திருக்கிறேன்.

ஆனால் ‘கூடாது’ என்ற பதிலும் எனக்கு நிற்கவில்லை. காரணம் தில்லையேதான்.

உள்ளே இருக்கிறவருக்குச் சோற்றுக்கு என்ன பஞ்சம்? சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் அன்னாபிஷேகம் நடக்கிறது. மற்ற ஊர்களில் ஐப்பசிப் பௌர்ணமிக்கு நடப்பது அங்கே தினப்படி. அப்பர் சுவாமிகள் தில்லையைப் பாடும்போதே அது சோறு தருகிற ஊர் என்று தொடங்குகிறார். சமணர்கள் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறியது எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான் என்பதால், அவர் சொன்னால் எங்களுக்கு அப்பீல் கிடையாது. அப்படிச் சோறே அபிஷேகமாகப் பெறுகிறவர், மழையில் நனைந்துகொண்டு விறகுவெட்டி வீட்டுக்குப் போய்க் களி கேட்கிறார் என்றால், அவருக்குப் பசி உணவின் மேல் அல்ல என்றாகிறது.

இளையான்குடி மாறனார் கதையும் இதே அச்சு. வறுமை, நடுநிசி, மழை, பசித்து வந்த ஒரு விருந்தாளி. பகலில் விதைத்த நெல்முளையை இருட்டில் போய் அரித்து வாரிக்கொண்டு வந்தார். விறகில்லாமல் கூரைக் கழியை வெட்டி எரித்தார். குழியில் முளைத்திருந்த கீரையை அவர் பறித்துத் தர, கறி சமைத்தார் மனைவி. மாறனாரும் சிவபூசைக்காக இதைச் செய்யவில்லை, வந்தவருக்காகச் செய்தார். சேந்தனார் அறுபத்து மூவரில் இல்லை, அவர் கதை பெரியபுராணத்திலும் இல்லை. மாறனார் கதை இருக்கிறது. அதைச் சேக்கிழார் பாடிய ஆயிரங்கால் மண்டபத்தில்தான், திருவாதிரையன்று விடியலில் நடராஜருக்கு மகாபிஷேகம் நடக்கிறது.

சித்தாந்தமும் இதைச் சும்மா கதையாக விடவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மொத்தம் பன்னிரண்டு நூற்பா. உயிர், கன்மம், மலம், வீடு என்று பதினொரு படி ஏறி, பன்னிரண்டாவதில் மிகச் சாதாரணமான இரண்டு இடங்களில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அடியாரின் கோலத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழு என்கிறார். கோயிலுக்குப் போகிறோம், சரி. கோயிலுக்கு இணையாகச் சொன்ன அந்த இன்னோர் இடம்? அது நடமாடுகிறது, அதற்குப் பசிக்கிறது.

தில்லைக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்ப வருவது தெரியும். சேந்தனாரை அடுத்து உமாபதி சிவாசாரியார். தீட்சிதர் மரபில் வந்தவர், பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களில் எட்டைத் தந்தவர், 1313இல் சங்கற்ப நிராகரணம் எழுதியவர். மறைஞானசம்பந்தரைக் குருவாக வரித்து அவர் பின்னே போனார். நெசவாளர் தெருவில் குரு கையேந்தி நிற்க, பாவுக்குப் போட வைத்திருந்த கஞ்சியை ஊற்றுகிறார்கள். குருவின் முழங்கை வழியே ஒழுகியதைச் சீடர் ஏந்திக் குடித்தார். அதோடு அவர் கோயில் பூசைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கிவிட்டார்கள், கொற்றவன்குடியில் போய் இருந்தார் என்கிறது மரபு. பிறகு திருவிழா வருகிறது. கொடி ஏறவில்லை. உமாபதியை அழைத்து வரவேண்டியதாயிற்று. அவர் கொடிக்கவி பாடினார், கொடி ஏறியது.

சேந்தனார் கதையிலும் இதே திருப்பம். களி சாப்பிட்ட கதைக்குப் பின் தேர்த் திருவிழா. மழைச் சேற்றில் சக்கரம் புதைந்து தேர் நகரவில்லை. வடம் பிடித்தவர்கள் ஓய்ந்து நிற்க, சேந்தனார் பல்லாண்டு பாட, தேர் நகர்ந்தது. இன்றும் ஒன்பதாம் திருமுறையில் அவர் திருப்பல்லாண்டு இருக்கிறது, அந்தத் திருமுறையைப் பாடிய ஒன்பது பேரில் அவரும் ஒருவர். நீ பல காலம் வாழ்க என்று கடவுளை வாழ்த்த ஒரு மனிதனுக்கு எங்கிருந்து உரிமை வந்தது? சோறு போட்ட கைக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் சாப்பிட்டு எழுந்தவனை ‘நல்லா இருப்பா’ என்று சொல்லி அனுப்புகிறோம் இல்லையா?

ஒரு கதையில் தேர் நிற்கிறது, ஒரு கதையில் கொடி நிற்கிறது. இரண்டு தடவையும் உள்ளே இருந்த அத்தனை பேராலும் ஆகாதது, வெளியே இருந்த ஒருவர் வந்து பாடியதால் ஆனது. இரண்டு பேர் கதையிலும் கோயில் நைவேத்தியத்தில் சேராத ஓர் எளிய உணவு இருக்கிறது. இவர் களி கொடுத்தார், அவர் கஞ்சி குடித்தார். உமாபதியின் மடத்துக்குத் தினமும் விறகு சுமந்து போட்ட பெற்றான் சாம்பானுக்கு முத்தி கொடு என்று இறைவனே ஓலை எழுதினான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. தில்லையின் பெரிய கதைகள் அடுப்பையும் விறகையும் சுற்றியே வருவது தற்செயலாக இருக்காது.

ஆனால் இதே தில்லையில்தான் ஆதனூர் நந்தனாருக்குத் தீ வளர்த்தார்கள். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியவர், வந்து சேர்ந்தபின் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தீயில் இறங்கி வேதியர் கோலத்தில் எழுந்த பிறகுதான் உள்ளே போனார். இறைவன் கனவில் சொன்னதாகவே கதை சொல்கிறது. எனக்கு அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் வகுப்பில் குரல் இறங்கும். விறகுவெட்டி வீட்டுத் திண்ணைக்கு இறங்கிப் போக முடிந்தவருக்கு, ஆதனூர்ச் சேரிக்குப் போகத் தெரியாதா? சேந்தனார் கதையைத் தேனாகச் சொல்கிற வாய், நந்தனார் கதையில் நெருப்பை மட்டும் அருள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இது பழங்கதையோடு முடிந்த விஷயமும் அல்ல. என் மாமியார் நைவேத்தியம் ஆன கையோடு, வீட்டில் யார் வாயிலும் படும் முன்னே ஒரு தூக்கில் களியும் கூட்டும் எடுத்து வைப்பார். கொல்லைப்புறம் பெருக்க வருகிற அம்மாளுக்கு அது. சின்னப் பிள்ளைகள் பசியென்று அழுதாலும் அந்தத் தூக்கு போன பிறகுதான் இலை போடுவார். அந்த ஒழுங்கை இன்றைக்கும் மெச்சுகிறேன். ஆனால் தூக்கு போனது கொல்லை வழியாக. அந்த அம்மாள் ஒரு திருவாதிரைக்கும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. களி வெளியே போயிற்று, வெளியே இருந்தவர் உள்ளே வரவில்லை. சேந்தனார் வந்தவரை உட்கார வைத்து இலை போட்டார். மிச்சத்தைத்தான் முடிந்து கொடுத்தார். நாம் முதலிலேயே முடிந்து கொடுத்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் எனக்கு வடலூர் நினைவு வரும். கடலூரில் விருத்தாசலம் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் இறங்கிவிடலாம். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்து, நடராஜரையே பாடிப் பாடி வளர்ந்த வள்ளலார், 1867 மே மாதம் அங்கே முதலில் கட்டியது கோயில் அல்ல, சத்திய தருமச்சாலை. பசித்தவருக்குச் சோறு போடும் இடம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஞானசபை வந்தது அதற்குப் பிறகு, 1872இல். சிந்தித்துப் பார்த்தால், தில்லையில் கதையாக இருந்ததை இவர் வடலூரில் அன்றாட நடப்பாக்கிவிட்டார். சேந்தனாருக்கு ஒரு நாள் நேர்ந்ததை யார் வேண்டுமானாலும் எந்த நாளும் செய்யலாம் என்று அடுப்பை வைத்துவிட்டார்.

அங்கே நான் கவனித்த ஒன்று உண்டு. ஞானசபைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தருமச்சாலைப் பந்திக்கு நிபந்தனை கிடையாது. என்ன சாதி, என்ன மதம், என்ன ஒழுக்கம், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. பசி இருந்தால் உட்காரலாம். ஒரே மனிதர், நடந்து போகிற தூரத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்றில் விதி, ஒன்றில் விதி இல்லை. வழிபடும் இடத்துக்கு ஒழுங்கு வேண்டும், சோறு போடும் இடத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று அவர் வகுத்துவிட்டார். களிக்கும் புட்டிங்குக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்த கோடு இதுதான். படத்துக்கு முன்னே வைப்பது எது என்பதற்கு விதி இருக்கட்டும். இலையில் உட்காருகிறவர் யார் என்பதற்கு விதி வேண்டாம். நாம் பல காலமாக இரண்டையும் குழப்பி, படத்துக்குரிய விதியை மனிதர் மேல் போட்டுவிட்டோம்.

எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. திருவாதிரைக் களியில் ஒரு வாயாவது தின்னாதவருக்கு நரகக் குழி என்பார்கள். படைக்காதவருக்கு என்று சொல்லவில்லை, தின்னாதவருக்கு என்கிறது. எல்லோர் வாயிலும் ஒரு வாய் போய்ச் சேர வேண்டும் என்றால், அதற்கு யாரோ போட்டாக வேண்டும். நரகப் பயம் தின்பவருக்கா, போடாதவருக்கா என்று கேட்டால் சொலவடையே பதில் சொல்லத் திணறும்.

மகளுக்கு இரண்டு நாள் கழித்துப் போன் போட்டேன். படத்துக்கு முன்னே கொஞ்சம் களி வை, ஒரு பிடி அரிசியில் செய்தால் போதும், ருசி பார்க்காதே என்றேன். பாட்டி வழி வந்தது, உன் பிள்ளை கிளறுவதையாவது பார்க்கட்டும். முட்டை போட்ட புட்டிங்கை அங்கே வைக்காதே. “அப்போ புட்டிங் வேண்டாமா?” என்றாள். செய், நிறையவே செய் என்றேன். அவர்கள் மாடியில் ஒரு நர்ஸ் பெண் குடியிருக்கிறாள், கேரளத்துக்காரி. இரவு வேலை முடிந்து காலையில் வந்து, ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவாள் என்று மகளே சொல்லியிருக்கிறாள். டப்பாவில் போட்டு மாடிப்படியில் வைத்துவிட்டு மெசேஜ் அனுப்பாதே. கூப்பிட்டு உட்கார வை. சோறு போடு, பிறகு பாகைச் சுடவைத்து ஊற்றிப் புட்டிங் போடு. அவள் எழுந்தபிறகு நீங்கள் உட்காருங்கள்.

“அவ கிறிஸ்தவப் பொண்ணும்மா” என்றாள் மகள்.

சேந்தனார் வந்தவரிடம் கோத்திரம் கேட்டாரா என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “சரி, அப்போ இதுல நடராஜருக்கு என்ன போய்ச் சேரும்?”

அது அவர் பாடு என்றேன். சேந்தனாருக்கே மறுநாள் வரைக்கும் தெரியவில்லை.